எட்டடி ஆழத்தில் புல்

முப்பத்தேழு வயதில் நான் நீச்சல் வகுப்பில் சேர்ந்ததற்கு ஒரு பிறந்தநாள் விழாதான் காரணம்.

நியூஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில், நாலு வருடம் இருந்த பிறகு, கம்ப்யூட்டர்களை இரண்டாயிரமாவது வருடத்துக்குத் தயார்ப்படுத்தும் ஒய்டூகே வேலைக்காக என் கணவரை அவருடைய கம்பெனி டெக்ஸாஸுக்கு அனுப்பியது. டாலஸுக்கு வடக்கே ஒரு அபார்ட்மெண்ட் வளாகத்தில் குடியேறினோம். வளாகத்தின் நடுவில் ஒரு நீச்சல் குளம். மே மாதம் வந்ததும் குழந்தைகளின் பிறந்தநாள் எல்லாம் அங்கேதான். எட்டு வயது மகளோடு போய், கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். அப்படி ஒரு விழாவில் என் மகள் பிடித்திருந்த மிதவை நழுவி, அவள் ஆழமான பக்கம் போய்விட்டாள். தலை உள்ளே போனது, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போனது. நான் எழுந்து நின்றேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. கேக் வைத்த காகிதத் தட்டைக்கூடக் கீழே வைக்கவில்லை. பக்கத்தில் இருந்த இன்னொரு அம்மா ஜீன்ஸோடு குதித்து அவளைத் தூக்கி வந்தாள்.

வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது மகள் கேட்டாள். "ஒய் டிட்ன்ட் யூ ஜம்ப், அம்மா?"

அவளை ஸ்விம்மிங் க்ளாஸில் சேர்த்துவிடலாம் என்றார் என் கணவர். நானும் சேரப்போகிறேன் என்றேன். சிரிக்க ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "சரி, டைமிங் பாத்து ரெஜிஸ்டர் பண்ணு. கார் வேணும்னா நான் அன்னிக்கு கார்பூல்ல போய்க்கறேன்" என்றார்.

நகராட்சியின் பொழுதுபோக்கு மையத்தில் செவ்வாயும் வியாழனும் காலை பத்து மணிக்குப் பெரியவர்களுக்கான வகுப்பு. நீச்சலுடை வாங்குவதற்குள் மூன்று கடை ஏறி இறங்கினேன். கடைசியில் பாவாடை மாதிரி ஒரு சுற்று துணி வைத்த உடை கிடைத்தது. அதற்குள் முட்டிவரைக்கும் இறுக்கமான கால்சட்டை போட்டுக்கொண்டேன். அந்தக் கோலத்தில் உடைமாற்றும் அறையிலிருந்து வெளியே வரவே பத்து நிமிடம் ஆனது.

வகுப்பில் ஐந்து பேர். அதில் ஒருவர் கறுப்பினப் பெண்மணி, ஐம்பத்தைந்து வயதிருக்கும். முப்பது வருடம் தபால் நிலையத்தில் வேலை பார்த்து அந்த வருடம்தான் ஓய்வு பெற்றிருந்தார். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. வீட்டில் நான் அவரைத் தபால்கார அம்மா என்றுதான் சொல்வேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். தலையில் இரண்டு ரப்பர் தொப்பி, ஒன்றன்மேல் ஒன்றாக. சனிக்கிழமை தோறும் அரை நாள் செலவழித்துத் தலை அலங்காரம் செய்துகொள்வதாகவும் குளோரின் பட்டால் எல்லாம் போச்சு என்றும் சொன்னார். என் தலையில் தேங்காய் எண்ணெய். தொப்பி இல்லாமல் இறங்கக்கூடாது என்று எனக்கும் உத்தரவு. ஆகவே எங்கள் முதல் பேச்சு தலைமுடியைப் பற்றித்தான்.

சொல்லிக்கொடுத்தது ஒரு கல்லூரிப் பெண். வெள்ளைக்காரி, இருபது வயது. நடக்கும் முன்னாலேயே நீந்தியவள் என்று நினைக்கிறேன். தண்ணீரில் மல்லாந்து படுக்க ஒருவருக்குப் பயமாக இருக்கும் என்பதே அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. ஆனால் நல்ல பெண். முதல் நாள் நாங்கள் எல்லாரும் மார்பளவு தண்ணீரில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒவ்வொருவரும் ஏன் இதுவரை கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்டாள். எங்கள் ஊரில் பெண் பிள்ளைகளைக் கிணற்றில் இறங்க விடமாட்டார்கள் என்று நான் சொன்னேன். தபால்கார அம்மாவின் முறை வந்தது.

"நான் பதினாறு வயசுலயே கத்துக்கப் போனேன். டிக்கெட் குடுக்கல."

"அடடா, டிக்கெட் தீர்ந்துடுச்சா?" என்றாள் அந்தப் பெண்.

தபால்கார அம்மா ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு சுவரைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டுச் சிரித்தார். அப்படிச் சிரித்ததில் கால் வழுக்கி மூழ்கி எழுந்தார். "ஆமா கண்ணு, தீர்ந்துபோச்சு" என்றார், மூக்கிலிருந்து தண்ணீர் வடிய.

எனக்கும் அது புரியவில்லை. அமெரிக்காவில் நிறவெறி இருந்தது, போராடி ஒழித்தார்கள் என்று பாடப்புத்தக அளவில் தெரியும். பஸ்ஸிலும் பள்ளிக்கூடத்திலும் பிரித்து வைத்தது தெரியும். நீச்சல் குளத்துக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று தெரியாது. வகுப்பு முடிந்து, கூடத்தில் இருந்த காபி இயந்திரத்தின் பக்கத்தில் ஈரத் தலையோடு உட்கார்ந்து கேட்டேன். அன்றைக்கு ஆரம்பித்தது. அந்தக் கோடை முழுக்க ஒவ்வொரு வகுப்புக்குப் பிறகும் ஒரு மணி நேரம் நான் கேட்பேன், அவர் சொல்வார். என்னைப்போல் துருவித் துருவிக் கேட்டவர்கள் அவருடைய சொந்தப் பிள்ளைகளில்கூட யாருமில்லை என்றார்.

அவருடைய ஊர் அங்கிருந்து கிழக்கே இரண்டு மணி நேரத் தூரம். ஊர்ப் பூங்காவில் நகராட்சி கட்டிய நீச்சல் குளம். கட்டிய வரிப்பணத்தில் அவருடைய அப்பாவின் பணமும் உண்டு. ஆனால் வெள்ளைக்காரர்கள் மட்டுமே போகலாம். கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஊருக்கு வெளியே ஓடும் ஓடைதான். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாத கலங்கல் தண்ணீர். அதில் ஒரு வருடம் இரண்டு பையன்கள் மூழ்கிப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு எந்த அம்மாவும் தன் பிள்ளையை ஓடைப்பக்கம் விடவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடையில், சர்ச்சில் ஒன்பது பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். இவர் அதில் ஒருவர். சர்ச்சின் கீழ்த்தளத்தில் மூன்று வாரம் பயிற்சி. நீச்சலுக்கு அல்ல, வரிசையில் நிற்பதற்கு. சொந்தச் சித்தப்பாக்களும் அண்ணன்களும் வெள்ளைக்காரர்களைப்போல நடித்து இவர்களை ஏசுவார்களாம். முடியைப் பிடித்து இழுப்பார்கள், தலையில் சோடாவை ஊற்றுவார்கள். இவர்கள் திரும்பிப் பார்க்கக்கூடாது, பதில் சொல்லக்கூடாது, வரிசையை விட்டு விலகக்கூடாது. யாராவது கை ஓங்கினால் தலையை எப்படி மூடிக்கொள்வது என்றும் சொல்லிக்கொடுத்தார்கள். நன்றாக ஏசிய சித்தப்பா ஒருவர் பாதியில் உட்கார்ந்து அழுதுவிட்டார் என்றார்.

கையில் என்ன வைத்திருந்தீர்கள் என்று கேட்டேன். ஒரு கையில் டிக்கெட்டுக்குச் சரியான சில்லறை, மற்ற கையில் துண்டு. துண்டுக்குள் சுருட்டிய நீச்சலுடை. அவருடைய நீச்சலுடையை அவர் அம்மா ஒரு பழைய கவுனை வெட்டித் தைத்தது. டிக்கெட் சன்னல் முன்னால் போய் "ஒரு டிக்கெட் தாருங்கள்" என்று கேட்க வேண்டும். சன்னலில் இருப்பவன் இல்லை என்பான். "நன்றி" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசிக்குப் போய் மறுபடி நிற்க வேண்டும். ஒன்பது பேரும் இப்படிச் சுற்றிச் சுற்றி வந்ததில் வரிசை நகரவே இல்லை. பின்னால் நின்ற வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வெயிலில் காய்ந்தார்கள். முதல் நாள் ஒருவன் துப்பினான். நாலாம் நாள் போலீஸ் வந்து அவர்களை வண்டியில் ஏற்றியது. சர்ச் ஏற்பாடு செய்த வக்கீல் மாலைக்குள் வெளியே கொண்டுவந்து, நகராட்சிமேல் வழக்கும் போட்டார். அடுத்த நாள் வேறு ஒன்பது பேர்.

"ஒரு விஷயம் சொல்றேன்" என்றார் ஒரு நாள். "எனக்குத் தினமும் ஒரே பயம். போலீஸ் இல்ல. அந்த சன்னல்ல இருக்கற ஆள் மனசு மாறி டிக்கெட்டைக் குடுத்துட்டா என்ன பண்றதுன்னு. எங்க ஒன்பது பேர்ல ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது."

நான் கையிலிருந்த காபியைச் சிந்திவிட்டேன். பிறகு அவர் கேட்டார், சாதாரணமாக, எனக்குக் காகிதத் துவாலையை எடுத்துக் கொடுத்துக்கொண்டே. எங்கள் ஊர்க் கிணற்றில் யார் யார் இறங்கலாம்?

பையன்கள் என்றேன்.

"எல்லாப் பையன்களுமா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்தப் பொய் எப்படி அவ்வளவு வேகமாக வந்தது என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். ஈரோட்டுப் பக்கம் எங்கள் காடு, அதாவது விவசாய நிலம். காட்டில் படி வைத்துக் கட்டிய பெரிய கிணறு. அதில் என் அண்ணனும் பெரியப்பா பையன்களும் நீந்தினார்கள். எங்கள் காட்டில் வேலை செய்தவர்கள் ஊருக்கு வெளியே இருந்தார்கள். அந்த இடத்துக்குக் காலனி என்று பெயர். அவர்கள் பிள்ளைகள் எங்கள் கிணற்றின் படியில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. குடிப்பதற்கும் மேலே நின்றுதான், யாராவது இறைத்து ஊற்ற வேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. தெரிந்தே, கேள்வி வந்ததும் ஆமாம் என்றேன்.

வழக்கு என்ன ஆனது என்று அடுத்த வாரம் கேட்டேன். ஜெயித்தோம் என்றார். ஜெயித்திருந்தால் இவருக்கு ஏன் இன்னும் நீந்தத் தெரியாது என்று எனக்குக் குழப்பம். அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, சனிக்கிழமை காரில் வா, காட்டுகிறேன் என்றார்.

அந்தச் சனிக்கிழமை அவருடைய காரில் கிழக்கே போனோம். வழியில் சாப்பிட நான் புளியோதரை கட்டிக்கொண்டு போனேன், அவர் வறுத்த கோழி கொண்டுவந்தார். நான் சைவம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் புளியோதரையைச் சாப்பிட்டோம். அவர் காரம் தாங்காமல் ஒரு பாட்டில் தண்ணீரையும் காலி செய்தார்.

பூங்கா நன்றாகத்தான் இருந்தது. ஓக் மரங்கள், ஊஞ்சல், சிமெண்ட் மேசைகள். ஓர் இடத்தில் மரமே இல்லாத நீளமான புல்வெளி. அங்கே போய் நின்று, கீழே பார் என்றார். புல்லின் ஓரத்தில் நேர்கோடாக ஒரு கான்கிரீட் விளிம்பு தரையோடு தரையாக ஓடியது. ஓர் இடத்தில் நீல ஓடு பதித்திருந்தது. செருப்பால் மண்ணைத் தள்ளினேன். எட்டு அடி என்று எழுதியிருந்தது.

நீதிமன்றம் என்ன சொன்னது என்பதை அங்கே நின்றபடி விளக்கினார். நகராட்சிக் குளம் திறந்திருந்தால் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பு. ஆனால் திறந்தே ஆகவேண்டும் என்று எந்தத் தீர்ப்பும் சொல்லவில்லை. தீர்ப்பு வந்த மறுவாரம் வாசலில் ஒரு பலகை தொங்கியது. குளத்தில் விரிசல், பழுது பார்ப்பதற்காக மூடப்பட்டிருக்கிறது. அடுத்த கோடையில் லாரி லாரியாக மண் வந்தது. வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் குளம் இல்லாமல் போனது. வசதியுள்ளவர்கள் வீட்டுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் வெயிலில் கிடந்தார்கள்.

"விரிசல் இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"தண்ணி ஒரு சொட்டு ஒழுகல. எங்கப்பா மண் கொட்டற வேலைக்குப் போனார். அவருக்குத் தெரியும்."

அவர் அப்பாவே அந்த வேலைக்குப் போனாரா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே, வேறு வேலை கிடைக்கவில்லை என்றார். தீர்ப்புக்குப் பிறகு அவருக்கு யாரும் வேலை தரவில்லை.

அங்கேதான் நான் சொன்னேன். அன்றைக்குப் பொய் சொன்னேன், எல்லாப் பையன்களும் இல்லை என்று. காலனியைப் பற்றியும், மேலே நின்று தண்ணீர் வாங்குவதைப் பற்றியும், அது சட்டப்படி குற்றம் என்றாகி எத்தனையோ வருடம் கழித்துத்தான் நான் பிறந்தேன் என்பதையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் புல்லைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கே உரிய முறையில் ஒரே கேள்வி கேட்டார்.

"யாராச்சும் எறங்கினாங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தேன். ஏதோ தடுத்தது. பழுது பார்ப்பதற்காக மூடப்பட்டிருக்கிறது என்று அவர் சொன்னதிலிருந்தே ஒரு மோட்டார் சத்தம் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒன்பதோ பத்தோ வயது. எங்கள் கிணற்று மோட்டார் இரண்டு நாள் நிற்காமல் ஓடியது. தண்ணீர் வயலுக்குப் பாயவில்லை, பள்ளத்தில் வீணாகப் போனது. ஏன் என்று கேட்டதற்கு, ஆட்டுக்குட்டி விழுந்துவிட்டது, தண்ணீர் கெட்டுவிட்டது என்றார்கள். அதோடு மறந்துபோனேன்.

அடுத்த நாள் காலையில், நிமிடக் கணக்கில் பேசும் காலிங் கார்டு வைத்து ஊரில் எங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே மாலை. அம்மாதான் எடுத்தார். சாப்பிட்டாயா, குழந்தை எப்படி இருக்கிறாள் எல்லாம் முடிந்த பிறகு, அன்றைக்கு ஏன் கிணற்றை இறைத்தார்கள் என்று கேட்டேன்.

"ஆட்டுக்குட்டி உழுந்துதுன்னு."

"ஆட்டுக்கா ரெண்டு நாள் மோட்டார் ஓடுச்சு?"

கார்டில் நிமிடம் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்கண்ணு இப்ப இதெல்லாம் கேக்கற? ஆடு எத்தன தடவ உழுந்திருக்குது, ஆட்டுக்கு யாரு கெணத்த எறைப்பாங்க. குட்டியத் தூக்கறேன்னு அந்தப் புள்ள எறங்கிருச்சு. ஊர்ல நாலு பேரு பாத்துட்டாங்க. உங்கப்பா என்ன பண்ணுவாரு."

காலனியிலிருந்து வேலைக்கு வந்தவரின் மகள். என்னைவிட மூன்று வயது பெரியவள். இப்போது திருப்பூரில் பனியன் கம்பெனியில் டெய்லர் என்று அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை தபால்கார அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தண்ணீரை வெளியே கொட்டினீர்களா என்று இரண்டு தடவை கேட்டார். எங்கள் ஊரில் மண்ணை உள்ளே கொட்டினார்கள் என்றார். பிறகு, ஒரு பெண்ணா, நீந்தத் தெரிந்த பெண்ணா, எங்கே கற்றுக்கொண்டாள் என்று கேட்டார். எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் நீச்சல் தெரிந்த ஒரே பெண் அவள்தான் போல என்றார். எங்கள் வீட்டுப் பெண் இல்லை என்று திருத்தப்போனவள், வாயை மூடிக்கொண்டேன்.

ஆகஸ்டில் வகுப்பு முடிந்தது. கடைசி நாள் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு, இருபத்தைந்து கெஜம். தபால்கார அம்மா ஒரே மூச்சில் இல்லை, ஆனால் நிற்காமல் போய்ச் சேர்ந்தார். நான் நடுவில் ஒரு தடவை லேனைப் பிரிக்கும் கயிற்றைப் பிடித்தேன். சொல்லிக்கொடுத்த பெண் அதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டாள்.

இரண்டாயிரமாவது வருடத்துக் கோடையில் ஊருக்குப் போனபோது அந்தப் பெண்ணைத் தேடித் திருப்பூருக்குப் போனேன். எதற்கு என்று கேட்ட அம்மாவிடம் பனியன் வாங்க என்றேன். கம்பெனி வாசலில் டீக்கடை. அங்கே உட்கார்ந்து உள்ளே சொல்லி அனுப்பினேன், மதிய இடைவேளையில் அவர் வந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக அவரை நான் நீங்க என்றேன். சின்ன வயதில் வா, போ என்றுதான் பேசியிருப்பேன். பேசினேனா என்றே நினைவில்லை.

கிணற்றைப் பற்றிக் கேட்டதும் அவர் டீயை வைத்துவிட்டார். எதற்கு வந்திருக்கிறேன் என்று புரியாமல் என் கையைப் பார்த்தார், ஏதாவது கொண்டுவந்திருக்கிறேனா என்பது மாதிரி. ஒன்றுமில்லை, தெரிந்துகொள்ளத்தான் வந்தேன் என்றேன். என்ன நடந்தது என்று அவர் வாயால் கேட்க வேண்டும் என்றேன்.

"எங்கப்பனுக்கு அந்த வருஷம் பூராவும் உங்க காட்டுல வேல இல்லீங்க. வேற காட்டுலயும் கூப்படல. நாங்க தாராபுரம் பக்கம் கரும்பு வெட்டப் போயிட்டோம். எம் படிப்பு அதோட நின்னுது."

மன்னிப்புக் கேட்கலாமா, அப்படிக் கேட்டால் அது யாருக்காக என்று குழம்பிக்கொண்டிருந்தேன். அவர் டீயைக் குடித்து முடித்தார். நீந்த எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கடைசியில் கேட்டேன். கீழ்பவானி வாய்க்காலில் என்றார். வாய்க்காலில் ஆளில்லாத இடமாகப் பார்த்து, அண்ணன்களோடு.

பிறகு அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"அந்தக் குட்டி தண்ணியில உழுவவே இல்லீங்க. கடைசிப் படியில நின்னு கத்திட்டிருந்துச்சு. தூக்கிட்டு வந்திருக்கலாம். ஒரு பக்கமும் ஆளக் காணோம், தண்ணி கண்ணாடியாட்ட இருந்துச்சு. குதிச்சு ரெண்டு சுத்து நீந்துனேன். அப்பறந்தான் குட்டியத் தூக்குனேன். அத இதுவரைக்கும் எங்கப்பங்கிட்டக்கூடச் சொல்லல."

எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"ஜில்லுன்னு இருந்துச்சு" என்றார். வாய்க்காலில் இழுப்பு இருக்கும், கையை வீசிக்கொண்டே இருக்க வேண்டும். கிணற்றில் சும்மா கிடந்தாலே தண்ணீர் தாங்குகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்ததாம். எனக்கு நீந்தத் தெரியுமா என்று கேட்டார். இப்போதுதான் கற்றுக்கொண்டேன், அமெரிக்காவில் என்றேன்.

"இதுக்கு அத்தாந்தூரம் போனீங்களா" என்றார். கம்பெனியில் மணி அடித்தது. டீக்கு நான் காசு எடுப்பதற்குள் அவர் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.